தோடர் எம்பிராய்டரி

தோடர் எம்பிராய்டரி என்பது நீலகிரி மலையில் வாழும் தோடர் இனப் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் இழையெண்ணிப் போடும் கைத்தையல். தோடர் மொழியில் இதன் பெயர் ‘புகுர்’. ஆண்களும் பெண்களும் போர்த்தும் ‘பூத்துக்குளி’ என்னும் நீண்ட போர்வைதான் இதற்குரிய துணி. இறந்தவர் உடலையும் அதில் போர்த்தியே அனுப்புவார்கள்.

துணி சமவெளித் தறிகளிலிருந்து வருகிறது. இழைகள் தனித்தனியாகக் கண்ணில் படும் முரட்டுத் துணியாக இருக்க வேண்டும். வழுவழுப்பான மெல்லிய துணி உதவாது. காரணம், இங்கே யாரும் துணியில் கோடு வரைவதில்லை, சட்டம் பூட்டுவதுமில்லை. இத்தனை இழைக்கு மேல், இத்தனை இழைக்குக் கீழ் என்று எண்ணிக்கொண்டே ஊசியை ஊடைக்கு இணையாக ஓட்டுகிறார்கள். அடுத்த வரிசையில் எண்ணிக்கையை ஓரிழை தள்ளிப் போட்டால் சாய்கோடு கிடைக்கும். அந்தச் சாய்கோடுகள் சேர்ந்துதான் வைரமும் முக்கோணமும் எருமைக்கொம்பும் உருவாகின்றன. வளைவுக்கு இதில் வழியே இல்லை. கொம்பும் படிக்கட்டாகத்தான் ஏறும். சாதாரண ஓட்டுத்தையலின் உறவுதான் இது. ஜப்பானின் கோகின் தையலும் இப்படி இழையெண்ணிப் போடுவதே.

தைப்பது துணியின் பின்பக்கத்திலிருந்து. நூலை இறுக்காமல் சற்றுத் தளர விடுவதால் முகப்பு புடைத்து நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் இதைத் தறியில் நெய்த வேலை என்றே நினைப்பார்.

மாதிரிப் புத்தகம் எதுவும் கிடையாது. சிறுமிகள் தாயிடமும் பாட்டியிடமும் பார்த்துப் பழகுகிறார்கள். முதலில் கைக்கு வரவேண்டியது கணக்கு, நேர்த்தி பிறகுதான். ஓரிழை பிசகினால் அந்தப் பிசகு அடுத்தடுத்த வரிசைகளிலும் தொடரும், பிரித்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

தோடரின் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகைக்கும் போனது. எருமை மந்தைகளும் சுருங்கின. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,000 பேராக இருந்த இந்தச் சிறு சமூகத்தில் இன்று பல பெண்களுக்குத் தையலே வருமானம். சால்வை, கைப்பை, மேசைவிரிப்பு என்று சுற்றுலாப் பயணிகளுக்காகத் தைக்கிறார்கள்.

தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரி கீஸ்டோன் அறக்கட்டளை, தமிழ்நாடு அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் ஆகியவற்றின் முயற்சியால் 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குபவர் துணியைத் தடவிப் பார்ப்பது நல்லது: அச்சடித்த போலித் துணியில் நூல் புடைப்பு கைக்குத் தட்டாது.