மூடியாக வந்தது, கலவையை மாற்றியது: புதைவில் பற்றவைப்பில் பிளக்ஸின் வளர்ச்சியும் நெய்வேலியும்

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்புடன் எழுந்தது. 1962இல் முதல் அலகு மின்னுற்பத்தியைத் தொடங்கியது; 1970இல் 600 மெகாவாட் திறன் நிறைவுற்றது; 2020இல் நிலையம் ஓய்வு பெற்றது. பழுப்பு நிலக்கரியின் வரலாறு விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கரி எரியும் கொதிகலனை இணைத்து நிறுத்தும் பற்றவைப்பின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. குருணைக் குவியலுக்குள் புதைந்த மின்வில்லால் இணைக்கும் புதைவில் பற்றவைப்பில் பயன்படும் பிளக்ஸ் என்ற குருணைப்பொருள், காற்றைத் தடுக்கும் மூடி என்ற நிலையிலிருந்து உலோகத்தின் தன்மையையே தீர்மானிக்கும் வினைப்பொருளாக உணரப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

ரஷ்யப் பொறியாளர் ஸ்லாவ்யானோவ் 1888இல் உலோக மின்வாயைக் கொண்டு பற்றவைத்தபோது, உருகிய குழம்பைக் காக்க நொறுக்கிய கண்ணாடியைத் தூவினார். பிளக்ஸின் முன்னோடி இதுவே. 1930களில் அமெரிக்கக் குழாய் ஆலைகளின் தேவை இதைத் தானியங்கி முறையாக்கியது. ‘யூனியன்மெல்ட்’ என்ற பெயரில் புகழ்பெற்ற முறைக்கு 1936இல் காப்புரிமை கிடைத்தது. கம்பி இடைவிடாது இறங்கும். குருணைக் குவியலுக்கு அடியில் மின்வில் எரியும். வெளியே ஒளியும் தெறிப்பும் தெரியாது. ஆயிரம் ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் செலுத்தித் தடித்த தகடுகளை விரைந்து இணைக்க முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் கீவ் நகரின் மின்பற்றவைப்பு ஆய்வகமான பாட்டன் நிறுவனம் யூரல் பகுதியின் நிஸ்னி தாகிலுக்கு இடம்பெயர்ந்தது. டாங்கிகளின் உடலைப் பற்றவைக்கப் பிளக்ஸ் போதவில்லை. எவ்கேனி பாட்டனின் குழு ஊதுலைக் கசடையே பிளக்ஸாக்கியது. கசடு ஏற்கெனவே சிலிகேட் உருகல் என்பதால் அது இயன்றது.

வேதியியல் திருப்பம்

தொடக்ககாலப் பிளக்ஸ்கள் பெரும்பாலும் மாங்கனீசு, சிலிக்கா நிறைந்த உருக்கிய வகை. உலையில் உருக்கி, குளிர்வித்து, நொறுக்கப்பட்டவை. வில்லின் வெப்பத்தில் சிலிக்கா சிதைந்து ஆக்சிஜனை உலோகத்துக்குள் செலுத்துகிறது. ஆக்சைடு நுண்துகள்கள் தங்கி, குளிரில் இணைப்பின் தாக்குதாங்கும் திறன் குறைகிறது. சுண்ணாம்பும் மக்னீசியாவும் ஃபுளோரைடும் மிகுந்த காரப் பிளக்ஸில் ஆக்சிஜன் குறையும். பிளக்ஸின் காரத்தன்மையை அளக்கும் காரத்துவக் குறியீட்டு வாய்பாடு ஒன்றை 1969இல் துலியானி, போனிஷெவ்ஸ்கி, ஈட்டன் ஆகியோர் வகுத்தனர். குறியீடு 1க்குக் கீழ் இருந்தால் அமிலம், 1.5ஐத் தாண்டினால் காரம். பிளக்ஸ் தனியே அல்ல, கம்பியும் பிளக்ஸும் இணையாகவே மதிப்பிடப்படுகின்றன.

தூள்களைச் சோடியம் சிலிகேட்டால் பிணைத்துச் சுடும் வகையில் கலப்புலோகத் தூளையும் சேர்க்கலாம். அதற்கு விலை ஈரம். கண்ணாடித்தன்மை கொண்ட உருக்கிய வகை ஈரத்தை எளிதில் ஏற்காது. பிணைப்பு வகை உறிஞ்சும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன், பற்றவைத்துச் சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூட விரிசலாக வெளிப்படும். வடகிழக்குப் பருவமழை நனைக்கும் தமிழக மாவட்டங்களில் பிளக்ஸை 300 டிகிரி செல்சியஸ் அளவில் மறுபடி சுட்டுப் பயன்படுத்துவது கட்டாயம்.

திருச்சியும் நெய்வேலியும்

1960களில் திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1975இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவானது. கொதிகலன் டிரம்மின் தடித்த சுவர்களும், குழாய்களையும் பட்டைகளையும் மாற்றி மாற்றி இணைத்த சுவர்ப் பலகைகளும் புதைவில்லால் பற்றவைக்கப்படுகின்றன. நெய்வேலியின் புதிய 500 மெகாவாட் அலகுகள் இரண்டுக்கும் கொதிகலன் தந்தது பெல்தான்.

ஆனால் பிளக்ஸ் குவியலாக நிற்க வேண்டும். செங்குத்துத் தளத்தில் சரிந்து விழும். எனவே இந்த முறை பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே அடங்குகிறது. நெய்வேலிக் களத்தில், உயரத்தில் தொங்கிக் குழாய் இணைப்பவர் டிக் முறையையும் (டங்ஸ்டன் மின்வாய், மந்தவாயு) கைமின்வாயையும் நம்புகிறார். சுரங்க இயந்திரங்களின் தேய்ந்த உருளைகளைப் போலச் சுழற்றத்தக்க பகுதிகளுக்குப் பணிமனையில் மேற்பூச்சிடப் புதைவில் ஏற்றது.

முடிவு

இணைப்பு குறைபடும்போது கம்பியையும் கையையும் குறை சொல்வது பழக்கம். வரலாறு காட்டும் உண்மை வேறு: கசடாகத் தட்டி எறியப்படும் பொருளே, எறியப்படுமுன் உலோகத்தின் கலவையை மாற்றிவிட்டுப் போகிறது. பிளக்ஸின் தரம், அதன் ஈரம், மறுசூட்டின் பதிவேடு ஆகியவை கம்பிக்கு இணையாகச் சோதிக்கப்பட வேண்டியவை.