பினாங்குத் தெருக்களில் ஒரு பகற்பொழுது

தோட்டப்புறத்திலும் ஈய லம்பத்திலும் வேர்விட்ட நம்மவர் குடும்பங்கள் தம் வரலாற்றைப் பெரும்பாலும் பால்மரத்திலிருந்தே தொடங்குகின்றன. கங்காணியின் அழைப்பு, நாகப்பட்டினத்துக் கப்பல், லயத்து வீடு என்று பாட்டனார் சொன்ன கதை, குனோங் ராபாட் போன்ற பட்டணத்து ஓரங்களில் வந்து நிலைகொள்கிறது. அக்கதையில் பொய்யேதும் இல்லை. ஆயினும் அதற்கு முன்னரே எழுதப்பட்ட பக்கங்கள் பல பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் தெருத்தெருவாகக் கிடக்கின்றன. கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டது 1877-ஆம் ஆண்டில். பினாங்கில் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றியதோ 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள். இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டுத் தமிழரைக் காண விழைவோர் ஈப்போவிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, பகல் முழுவதும் அங்கே கால்நடையாகச் சுற்றி வரலாம்.

பெர்ரி கொண்டுபோய்விடும் வெல்ட் கரைச் சாலையில் முதலில் தென்படுவது தண்டவாளமே இல்லாத ஒரு புகைவண்டி நிலையம். மணிக்கூண்டுடன் 1907-ஆம் ஆண்டில் எழுந்த அக்கட்டடத்தில் பயணச்சீட்டு வாங்கியோர், படகில் கடலைக் கடந்து பிறை சென்று வண்டியேறினர். பின்னாளில் அது சுங்கத்துறை அலுவலகமாயிற்று. அதற்கு அப்பால் உள்ளே தள்ளி இருக்கும் லெபோ பந்தாய், பெயருக்கேற்ப ஒரு காலத்தில் கடற்கரையாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது கரை நகர்ந்துவிட்டது. ஆகவே முதன்முதலில் வந்த தமிழர் கால்வைத்த கரையைத் தேடுவோர் கடலை நோக்கிப் போகாமல், வங்கிக் கட்டடங்களின் நடுவே நிற்க வேண்டும்.

வடக்கே நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. மரக்கழிகளால் வேலியிட்ட அக்கோட்டை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கற் கோட்டையாக மாறியது. அவ்வேலையில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு சேர்ந்துள்ளது. 1818-இல் கட்டப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயமும் அத்தகைய உழைப்பிலேயே எழுந்தது.

கைதிகள் எல்லோரும் களவும் கொலையும் செய்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது. 1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர்களைச் சார்ந்த எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைசாமி பதினைந்து வயதுச் சிறுவன். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்ற கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேயர் 1818-இல் பினாங்குக்கு வந்தார். தளர்ந்து உருக்குலைந்த ஒருவர் அவர் முன் வந்து நின்றார். யாரென்று வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. "துரைசாமி" என்று பெயர் சொன்ன பிறகே தெரிந்தது. ஊரில் எஞ்சியுள்ள உறவினர்க்கு ஒரு கடிதம் கொண்டுபோக வேண்டும், அவர் கேட்டது அவ்வளவே. விதிமுறை இடம் தராததால் வெல்ஷ் அதைக் கொண்டுபோகவில்லை. இதைத் தம் நூலில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அன்று துரைசாமிக்கு முப்பத்திரண்டு வயதுக்கு மேல் இராது.

கோட்டையிலிருந்து பிட் தெருப் பக்கம் திரும்பினால் காட்சி முற்றிலும் வேறு. துரைசாமி கப்பலேறுவதற்கு முந்திய அதே 1801-இல்தான், தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவரான காதர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நிலம் வழங்கப்பட்டது. லெபோ குயினில் உள்ள மகா மாரியம்மன் ஆலயத்தின் நிலமும் அதே ஆண்டில் இந்துக்களுக்குக் கிடைத்தது என்பர். ஆலயம் எழுந்தது 1833-இல். ஒரே மொழி பேசிய மக்களுள் ஒரு சாரார் நில உரிமை பெற்றுத் தொழுகையிடமும் கோயிலும் அமைக்க, மற்றொரு சாரார் விலங்கோடு வந்திறங்கினர். இரண்டிற்கும் இடையே நடந்து கடக்கச் சில நிமிடங்களே ஆகும். 'கெலிங்' என்ற சொல் இன்று நம்மவரை இழிக்கும் சொல்லாகிவிட்டது. கலிங்கத்திலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் அப்பெயரில் அன்று இழிவில்லை. பள்ளிவாசல் மட்டும் அதைக் கூச்சமின்றித் தாங்கி நிற்கிறது.

அருகிலுள்ள லெபோ சூலியா 1798-ஆம் ஆண்டு நகர வரைபடத்தில் 'மலபார் தெரு' எனப்படுகிறது. அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை அவ்வாறே அழைத்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்து தங்கியோர் ஏறத்தாழ ஆயிரம் பேர் எனவும், கடைக்காரரும் கூலியாட்களுமாக அவர்கள் விளங்கினர் எனவும் லைட் 1794-இல் எழுதினார். கொடியேற்றி எட்டே ஆண்டுகளில் இது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பகல் வெயிலுக்குக் கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையே குடை. பசித்தால் நாசி கண்டார் இருக்கிறது. தோள்தடியின் இரு முனைகளிலும் கூடைகளைத் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் சோறும் குழம்பும் விற்றதால் வந்த பெயர் அது.

மாலையில் லெபோ பினாங்கு. வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்த தெரு. தண்ணீர்மலைச் சாலையில் 1857-இல் கோயில் அமைத்தவர்களும், 1894-இல் வெள்ளி இரதம் தருவித்தவர்களும் அவர்களே. தைப்பூசத்திற்கு முந்திய நாள் விடிகாலையில் அவ்விரதம் இத்தெருவின் கோயில் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது. தெரு நிறைந்த கூட்டத்தில் அதைப் பார்த்தவர்கள் நம்மூரில் பலர் உண்டு. ஆனால் ஒரு சாதாரண நாளின் மாலையில், தேரில்லாத அத்தெருவில் நின்று பார்த்தவர் மிகச் சிலரே.

பழைய தெருப்பெயர்கள் பல மலாய் மொழிக்கு மாறிவிட்டன. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பழங்கட்டடங்கள் வண்ணம் பெற்றன. பயணிகள் திரண்டனர். சூலியா தெருவும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் வழிகாட்டி ஏடுகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. துரைசாமியின் பெயரைத் தாங்கிய தெருவோ தூணோ அந்நகரில் அன்று நடப்பவர் கண்ணில் படாது. அந்தி சாயும் நேரத்தில் பெர்ரியில் திரும்பும்போது கோட்டைச் சுவர் சிறிது நேரம் தெரிந்து, பின் மரங்களுக்கு இடையே மறைகிறது.