ஹைதராபாத் எஃப்.சி.

கச்சிபௌலியின் ஜி.எம்.சி. பாலயோகி விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்டிருந்த கால்பந்துக் கழகம். புனே சிட்டி கழகத்துக்கு மாற்றாக 2019-இல் தோன்றி, இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடியது. முதல் பருவத்தில் 10 புள்ளிகளுடன் கடைசி இடம்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் கடைசியில் நிற்கும் அணிக்குப் புதிய வீரர் தேர்வில் முன்னுரிமை கிடைக்கும். அப்போதைய இந்தியன் சூப்பர் லீக்கில் அப்படிப்பட்ட சலுகை இல்லை. ஆளறிந்து எடுப்பது ஒன்றே வழி. 2020-இல் பயிற்சியாளராக வந்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கேஸ், ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய், லிஸ்டன் கொலாசோ போன்ற இளைஞர்களைத் தயங்காமல் களமிறக்கினார். பெயர்பெற்றவர்களை மட்டும் நம்பாத அந்தத் துணிவே இக்கழகத்தின் பெரும் சாதனை. 2020-21-இல் ஐந்தாம் இடம். மறுபருவத்தில் முன்கள வீரர் ஒக்பெச்சே 18 கோல் அடித்தார். 2022 மார்ச் 20 அன்று கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் 88-ஆவது நிமிடத்தில் சாஹில் தவோரா சமன்செய்ய, பெனால்டிகளில் கோல்காப்பாளர் கட்டிமணி மூன்றைத் தடுக்க, கேரளா பிளாஸ்டர்ஸ் வீழ்ந்தது. பெருந்தொற்றால் அப்பருவம் முழுவதும் கோவாவிலேயே நடந்ததால், கச்சிபௌலி ரசிகர்களுக்குத் தம் அணியின் வெற்றியைச் சொந்த அரங்கில் காணும் வாய்ப்பு கிட்டவில்லை.

பின்னர் நிதி நெருக்கடி முற்றியது, வீரர்கள் கலைந்தனர். 2023-24-இல் மீண்டும் கடைசி இடம். 2025-இல் கழகம் டெல்லிக்கு இடம்பெயர்ந்து, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி எனப் பெயர் மாறியது.