நோட்டைப் பாதியாக வெட்டிய அரசாங்கம்

துபாயில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் 'திர்ஹாம்' உங்களுக்குப் பழக்கமான பெயராக இருக்கும். அந்தப் பெயர் கிரேக்கர்களின் 'டிராக்மா'விலிருந்து வந்ததுதான் நண்பர்களே. டிராக்மா என்றால் ஒரு கைப்பிடி. நாணயம் வருவதற்கு முன்பு இறைச்சி சுடும் இரும்புக் கம்பிகளையே பணமாக வைத்திருந்தார்களாம். ஒரு கம்பி ஓபோல். ஆறு கம்பி சேர்ந்தால் ஒரு கைப்பிடி.

பிறகு வெள்ளி வந்தது. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் லாரியன் சுரங்கம். அந்த வெள்ளியில் அடித்த நான்கு டிராக்மா நாணயம் சுமார் 17 கிராம். ஒரு பக்கம் அதீனா தேவி, மறுபக்கம் ஆந்தை. (நம்மூரில் ஆந்தை அபசகுனம், அங்கே அறிவின் சின்னம்!) எகிப்தில் இதைப் பார்த்து அப்படியே நகல் அடிக்கும் அளவுக்கு மவுசு.

ரோம், பைசாண்டியம், துருக்கி எல்லாவற்றையும் ஒரே தாவாகத் தாண்டி 1828க்கு வருவோம். விடுதலை பெற்ற கிரேக்கம் 'பீனிக்ஸ்' என்று ஒரு நாணயம் விட்டுப் பார்த்தது, எடுபடவில்லை. 1832இல் மறுபடி டிராக்மா.

என்னை அசர வைத்தது 1922தான். துருக்கியோடு போர், கஜானா காலி. நிதியமைச்சர் புரோட்டோபபடாகிஸ் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரும் நோட்டை இரண்டாக வெட்டுங்கள் என்றார்! ஒரு பாதி, பாதி மதிப்புக்குச் செல்லும். மறுபாதிக்கு அரசுக் கடன் பத்திரம். 100 டிராக்மா வைத்திருந்தவர் கையில் 50, மீதி 50 அரசுக்குக் கட்டாயக் கடன். பேலன்ஸ் ஷீட்டில் பார்த்தால் சொத்து குறையவே இல்லை. ஆனால் மளிகைக் கடைக்காரர் பத்திரத்தை வாங்கிக்கொள்வாரா? போரில் தோற்றதும் அதே நவம்பரில் அமைச்சரைச் சுட்டுக் கொன்றார்கள். நோட்டுக்காக அல்ல, தோல்விக்காக. 1926இல் வேறொரு அரசு திரும்பவும் கத்திரியைக் கையில் எடுத்தது.

நாஜி ஆக்கிரமிப்பு இதைவிட மோசம். 1944இல் 10,000 கோடி டிராக்மாவுக்கு ஒரே நோட்டு அச்சானது. நவம்பரில் 5,000 கோடி பழைய டிராக்மா = 1 புதிய டிராக்மா என்று அறிவித்தார்கள். அதாவது அந்த ராட்சத நோட்டுக்குக் கிடைப்பது 2 டிராக்மா! வாழ்நாள் சேமிப்பு வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

2002இல் யூரோ நோட்டு வந்தபோது 340.75 டிராக்மாவுக்கு 1 யூரோ கொடுத்தார்கள். கிரேக்கத்தின் 1 யூரோ நாணயத்தில் அந்தப் பழைய ஆந்தை இருக்கிறது. பழைய நோட்டுகளை மாற்றக் கடைசி நாள் 2012 மார்ச் 1. கடன் நெருக்கடி முற்றி, டிராக்மாவுக்கே திரும்பிவிடலாமா என்று பேச்சு அடிபட்ட நேரம் அது.