ஜி.எஸ்.டி. சாலையும் டீசல் இன்ஜின்களும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டை நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை, வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கார்களும், 1999 முதல் மறைமலை நகரில் ஃபோர்டு ஐகானும் உருவான பிரதேசம். ஆயினும், அவற்றின் ஆயுளை நீட்டித்த சிறு பட்டறைகளின் சரித்திரமே என் சிந்தையைப் பெரிதும் கவர்கிறது. எண்பதுகளில் 1489 சி.சி. டீசல் இன்ஜினோடு அம்பாசிடர் டாக்ஸிகள் பெருகியபோது, ஆயில் மாற்றுவது மெக்கானிக்குகளின் நித்திய கைங்கர்யமாயிற்று. டீசல் எரிகையில் பிறக்கும் கரி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் கலப்பதால், புதிதாக ஊற்றியதும் சில தினங்களிலேயே கறுத்துவிடும். அந்த நிறத்தைக் கண்டு அஞ்சாமல், ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு, இன்ஜின் சூடாயிருக்கையிலேயே சம்ப்பின் அடிப்போல்ட்டைக் கழற்றி, கசடு முழுதும் வடியும்வரை காத்திருந்து, ஃபில்டரையும் மாற்றிவிடுவதே உத்தமமான முறை. அந்தப் பொறுமையை நான் ஓர் உயர்ந்த வித்தையாகவே மதிக்கிறேன்.

வடித்த எண்ணெயைக் கட்டடக்காரர் சென்டரிங் பலகைகளில் பூச வாங்கிச் சென்றனர். மிச்சத்தை மண்ணில் கொட்டும் வழக்கமும் இருந்தது. ஏரிகள் நிறைந்த இப்பிரதேசத்துக்கு அது பெருந்தீங்கு. இத்தகைய கழிவுகளைக் கட்டுப்படுத்த 1989-இல் மத்திய அரசு அபாயக் கழிவு விதிகளை இயற்றியது. பட்டறைகளின் பணியோ தொடர்ந்தது; 2022-இல் மறைமலை நகரில் ஃபோர்டின் கார் உற்பத்தி நின்ற பின்னும், அதன் பழைய டீசல் வண்டிகளுக்கு ஆயில் மாற்றும் வேலை நிற்கவில்லை.