நாளிதழ் அலுவலகத்தில் பிறந்த சட்டகம்

வலைத்தளம் அமைக்கக் கற்கப் புகும் மாணவர்கள் இன்று முதலில் கேள்விப்படும் சொல் 'ஃப்ரேம்வொர்க்'. தமிழில் இதனைச் சட்டகம் எனலாம். எல்லா வலைத்தளங்களிலும் திரும்பத் திரும்ப வரும் வேலைகளுக்கான நிரல்களை முன்கூட்டியே எழுதி ஒழுங்குபடுத்திய தொகுப்பே சட்டகம். அது ஏன் தோன்றியது என்று அறிந்தால், எப்படிக் கற்பது என்பதும் விளங்கிவிடும்.

ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். தொடக்க கால வலைப்பக்கங்கள் பெரும்பாலும் அச்சிட்ட தாள்களைப் போன்றவை. எழுதி வைத்தது அப்படியே வந்து சேரும். 1993-இல் 'சி.ஜி.ஐ.' என்னும் முறை வந்தது. பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் வழங்கிக் கணிப்பொறி ஒரு நிரலை இயக்கி, விடையைப் புதிதாகத் தயாரித்தது. வசதி பெருகியது; தொல்லையும் பெருகியது. தரவைத் தேடுவது, முடிவு செய்வது, பக்கத்தை அலங்கரிப்பது ஆகிய மூன்றும் பல நிரல்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெட்டது.

இவற்றைப் பிரித்து வைக்கும் கருத்து வலையைவிட மூத்தது. நார்வே நாட்டு அறிஞர் ட்ரிக்வே ரீன்ஸ்கவுக் கலிபோர்னியாவிலுள்ள செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1979-இலேயே அதனை வகுத்திருந்தார்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் நகரம் உள்ளது. அங்கு வெளிவந்த 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு' நாளிதழின் வலைப்பிரிவில் 2003-இல் அட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகிய இருவர் பணியாற்றினர். செய்தி காத்திருக்குமா? புதிய பகுதிகளைச் சில நாட்களில், சில சமயம் சில மணி நேரத்தில் முடிக்க வேண்டியிருந்தது. எனவே பொதுவான வேலைகளை அவர்கள் பைத்தான் மொழியில் தனியே பிரித்தெடுத்தனர். 2005 ஜூலையில் அது எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்னும் கிட்டார் கலைஞரின் நினைவாக அதற்கு 'ஜாங்கோ' என்று பெயர் வைத்தனர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சட்டகத்தைப் படைத்தவர்கள் அது இல்லாமல் உழைத்துச் சலித்த பிறகே அதைப் படைத்தார்கள். புதிதாகக் கற்பவரோ முடிவிலிருந்து தொடங்குகிறார். மடக்கை அட்டவணையைப் பார்க்கத் தெரிந்தவர் எல்லாம் மடக்கையை அறிந்தவர் அல்லர்!

ஆகவே முதலில் சட்டகமின்றி ஒரு சிறு பக்கம் செய்யுங்கள். உலாவி அனுப்பும் கோரிக்கையையும் வழங்கி தரும் விடையையும் கண்ணால் பாருங்கள். இதற்கான வசதி உலாவியிலேயே உண்டு.

அடுத்து, தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல். சிறிதளவாவது கற்றுக்கொள்ளுங்கள். ஜாங்கோ அந்த வாக்கியங்களைத் தானே அமைக்கும். பயனர் தட்டச்சு செய்த சொற்கள் கட்டளையாக மாறிவிடாமல் காக்கும். இதை அறியாதவர் அவசரத்தில் அச்சொற்களைத் தாமே வாக்கியத்தில் ஒட்டினால், அந்நியர் ஒருவர் தரவு முழுவதையும் படிக்கவோ அழிக்கவோ வழி திறந்துவிடும். பாதிக்கப்படுபவர் அத்தளத்தை நம்பித் தம் விவரங்களைத் தந்தவர்.

பிறகு ஜாங்கோவின் அதிகாரபூர்வப் பயிற்சிப் பாடத்தை எடுங்கள். அது ஒரு வாக்கெடுப்புத் தளத்தைப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறது. நகலெடுத்து ஒட்டாமல், ஒவ்வொரு வரியையும் கையால் தட்டச்சு செய்யுங்கள். பிழை வந்தால் அஞ்ச வேண்டாம். பைத்தான் தரும் பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள், பிழையின் வகை அங்கேதான் இருக்கும். பாடம் முடிந்ததும் அதை மூடிவிட்டு, உங்கள் வகுப்பு நூலகத்தின் புத்தகப் பட்டியலுக்கு ஒரு தளம் அமைத்துப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கேதான் மீண்டும் படிக்க வேண்டும்.

நாளை வேறு சட்டகம் வரலாம். கோரிக்கை, தரவு, விடை ஆகிய மூன்றையும் அறிந்த மாணவருக்கு அதுவும் எளிதில் வசப்படும்.