ஹோஃப்ஸ்க்ருண்டின் மணியோசை

1936ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி காலை, லண்டனின் ஸ்ட்ராண்ட் பள்ளி மாணவர்கள் 27 பேர் ஓர் இளம் ஆசிரியருடன் தென்ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து இளைஞர் விடுதியிலிருந்து மலைக்குக் கிளம்பினார்கள். வயது 12 முதல் 17 வரை. பலருக்கும் அரைக்கால் சட்டை. உடுப்பு கோடைச் சுற்றுலாவுக்கு ஏற்றது. மதியத்துக்குக் கொஞ்சம் ரொட்டி. ஷவுயின்ஸ்லாண்ட் என்ற 1284 மீட்டர் உயர மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்குவது திட்டம். நடுவழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. ஐந்து சிறுவர்கள் இறந்தார்கள். ஜெர்மானியர்கள் அதை இன்றும் ‘ஆங்கிலேயர் விபத்து’ என்கிறார்கள். யாரும் எதிர்பாராத வானிலை, விதியின் கொடுமை என்பதுதான் அன்று இரு நாட்டு அதிகாரிகளுக்கும் வசதியாக இருந்த விளக்கம். அதன் முதல் பாதியே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அன்று மலையில் நடந்தது, அந்த மலையைத் தெரிந்த எவருக்கும் எதிர்பாராததல்ல.

இளவேனில் என்றதும் நமக்குச் சித்திரையும் வைகாசியும், மாம்பூவும் வேப்பம்பூவும் நினைவுக்கு வரும். ஷவுயின்ஸ்லாண்ட் இருக்கும் கருங்காட்டு மலைகளின் இளவேனில் வேறு. ஏப்ரல் தன் இஷ்டப்படிதான் நடக்கும் என்று ஜெர்மானியர் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்; காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி, மாலையில் பனி என்று மாறும் நாளுக்கு அவர்கள் மொழியில் தனிச்சொல்லே உண்டு. காரணம் எளிது. அந்த மாதத்தில் தெற்கே காற்று சூடேறத் தொடங்கிவிடும். வடதுருவப் பக்கம் குளிர் இன்னும் தேங்கிக் கிடக்கும். எந்தப் பக்கத்துக் காற்று எந்த நாளில் உள்ளே புகும் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். இதோடு உயரமும் சேர்கிறது. ரைன் சமவெளியை ஒட்டிய ஃப்ரைபுர்க், ஜெர்மனியின் வெதுவெதுப்பான ஊர்களில் ஒன்று. அங்கிருந்து மலையுச்சி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி இறங்கும். கீழே தூறலாக விழுவது மேலே பனியாக அப்பும். அதற்கு மேல் காற்று. மரங்கள் துளிர்த்த ஊரில் நின்று மலையின் வானிலையைக் கணிக்க முடியாது என்பது உள்ளூர்க்காரர்களின் பாலபாடம்.

அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க அன்று வழியெங்கும் ஆள் இருந்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றின் முக்கியமான சான்று. வழியில் ஒரு சாப்பாட்டு விடுதியில் எச்சரித்தார்கள். மரம் வெட்டுபவர்கள் எச்சரித்தார்கள். மதியத்துக்குப் பிறகு எதிர்ப்பட்ட தபால்காரர்கள், மேலே பாதை பனியில் மூழ்கிவிட்டது என்றார்கள். இவர்கள் யாரும் வானிலை நிபுணர்கள் இல்லை. அன்றாடம் அந்தச் சரிவுகளில் பிழைப்பு நடத்துபவர்கள். குழு கேட்டுக்கொண்டு மேலே நடந்தது. கையிலிருந்தது சிறிய அளவுகோலில் வரைந்த வரைபடம். செங்குத்தான சரிவுக்கும் சுமாரான ஏற்றத்துக்கும் அதில் பெரிய வேறுபாடு தெரியாது. கடைசியில் அவர்கள் ஏறியது கப்லர் சுவர் எனப்படும் சரிவில். சுவர் என்ற பெயர் சும்மா வரவில்லை.

‘நடந்து முடிந்த பிறகு யாரும் இப்படிச் சொல்லலாம்; எச்சரித்ததாகச் சொன்னவர்கள் தங்கள் புத்திசாலித்தனத்தைப் பின்னால் கூட்டிச் சொல்லியிருக்கலாம்’ என்ற மறுப்பு நியாயமானதே. ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் நானும் தயங்குவேன். ஆனால் வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில், ஒருவரோடொருவர் கலந்துபேசாமல் சொன்ன சேதி ஒன்றாகவே இருக்கிறது. இறந்தவர்களின் வயதும் சாட்சி சொல்கிறது: ஐவரும் 12 முதல் 14 வயதுக்குள். சிறிய உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம். சூடு விரைவாக வெளியேறும். நனைந்த துணியும் காற்றும் அதை இன்னும் விரைவாக்கும். முதலில் நடுக்கம், பிறகு தடுமாற்றம், பிறகு உட்கார்ந்துவிட்டால் போதும் என்ற மயக்கம். பெரிய பையன்கள் சிறியவர்களைத் தூக்கியும் இழுத்தும் சென்றார்கள். பனிப்புயல் எல்லோர் மீதும் ஒன்றாகத்தான் வீசியது. யார் சாவார்கள் என்பதைத் தீர்மானித்ததில் உடுப்புக்கும் உணவுக்கும் வயதுக்கும் பங்குண்டு.

அப்படியானால் பழி முழுக்க ஆசிரியருடையதா? இறந்த சிறுவன் ஒருவனின் தந்தை கடைசிவரை அப்படித்தான் நம்பினார். அவருடைய துயரத்தோடு யாரும் வாதாட முடியாது. ஆனால் 27 பையன்களுக்கு ஒரே ஒரு பெரியவரை அனுப்பலாம் என்று முடிவெடுத்தது அந்த ஆசிரியர் மட்டுமல்ல. நடந்து களைப்பது பையன்களை ஆண்பிள்ளைகளாக்கும், மழையும் குளிரும் குணத்தை வார்க்கும் என்பது அன்றைய ஆங்கிலப் பள்ளிக் கல்வியின் நம்பிக்கை. திரும்பிப் போவது அந்த நம்பிக்கையில் தோல்வியாகவே தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் நடந்த விசாரணை அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை. ஜெர்மனியிலும் வழக்கு எதுவும் எழவில்லை. இவை அவர் தவறே செய்யவில்லை என்பதற்குச் சான்றல்ல. கேள்வியைத் தோண்ட இரு பக்கத்திலும் யாருக்கும் விருப்பமில்லை என்பதற்குத்தான் சான்று.

விருப்பமின்மைக்குக் காரணம் நாள்காட்டியில் இருக்கிறது. அதே ஆண்டு மார்ச் 7ஆம் தேதிதான் ஹிட்லரின் படை, ஒப்பந்தங்களை மீறி ரைன்லாந்துக்குள் நுழைந்திருந்தது. ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக். ஜெர்மனிக்குப் பிரிட்டனின் நல்லெண்ணம் தேவைப்பட்ட நேரத்தில் ஐந்து ஆங்கிலச் சிறுவர்களின் சவப்பெட்டிகள் கையில் கிடைத்தன. ஹிட்லர் இளைஞர் அணி காவல் நின்று மரியாதை செலுத்தியது. விசாரணையில் எழக்கூடிய கசப்பைவிட, இரு தேச இளைஞர்களும் சேர்ந்து துக்கம் காக்கும் காட்சி இரு அரசுகளுக்கும் உவப்பாக இருந்தது. இயற்கைமேல் பழியைப் போட்டால் எந்தத் தூதரகமும் முகம் சுளிக்காது. 1938இல் மலைச்சரிவில் பெரிய கல் நினைவுச்சின்னம் ஒன்றை ஹிட்லர் ஆட்சி எழுப்பியது. அடுத்த ஆண்டே இரு நாடுகளும் போரில்.

இந்தச் சடங்குகளின் கீழே புதைந்துபோனவர்கள் அந்த மலையிலுள்ள ஹோஃப்ஸ்க்ருண்ட் கிராமத்தார். மாலையில் அந்த ஊர்க் கோயில்மணி அடித்த சத்தம் புயலைத் தாண்டிச் சரிவில் கேட்டது. அந்தத் திசையைப் பிடித்துத்தான் முதலில் சில பையன்கள் இருட்டில் ஒரு பண்ணைவீட்டை வந்தடைந்தார்கள். விஷயம் புரிந்ததும் ஊரார் விளக்குகளோடும் பனிச்சறுக்கு வண்டிகளோடும் கிளம்பினார்கள். வரைபடமில்லை, ஆணையிட அதிகாரி இல்லை. பனியில் விழுந்து கிடந்தவர்களை ஒவ்வொருவராக வீடுகளுக்குக் கொண்டுவந்து அடுப்பருகே கிடத்தினார்கள். 22 மாணவர்களும் ஆசிரியரும் பிழைத்தார்கள். காலையிலிருந்து மலைக்காரர்கள் சொல்லிவந்ததற்குக் காது கொடுக்காத பயணம், கடைசியில் அவர்கள் கைகளில்தான் போய்ச் சேர்ந்தது. போருக்குப் பிறகு நினைவுச்சின்னத்திலிருந்து நாஜி முத்திரையைப் பெயர்த்தெடுத்தார்கள். கல் மட்டும் நிற்கிறது. மகனை இழந்த அந்தத் தந்தை, அதே மலையில் தன் பையனுக்கென்று தனியாக ஒரு சிலுவை நட்டுவிட்டுப் போனார்.